கியர்பாக்ஸை இறக்கச் சொல்வதற்கு முன்

"அண்ணே, கியர்பாக்ஸ் போச்சு." பினாங்கு ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு பட்டறையில், கியர் விழாமல் முரண்டு பிடித்த என் பழைய புரோட்டான் சாகா காரை நிறுத்திவிட்டு நான்தான் இப்படிச் சொன்னேன். ஃபோர்மனும் சரி என்று இறக்கிவிட்டார். கடைசியில் பழுது கிளட்ச் கேபிளில், அதாவது பெடலை கிளட்சோடு இணைக்கும் கம்பியில். பெடல் பக்கத்து முனையில் பாதி இழைகள் அறுந்து, மிச்சம் இழுபட்டுக் கிடந்தது. இறக்கி ஏற்றிய கூலி என் தலையில். நோயைச் சொல்லாமல் மருந்தைச் சொன்னது என் தப்பு.

இன்ஜினை நிறுத்திவிட்டு எல்லா கியரையும் ஒருமுறை போட்டுப் பார்த்திருக்க வேண்டும். நின்ற இன்ஜினில் லேசாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை, அதாவது இன்ஜினிலிருந்து கியர்பாக்ஸைப் பிரிக்கவில்லை. கிளட்ச் கேபிளில் இயங்கும் காடி (கார்) என்றால் கேபிளைப் பாருங்கள். ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது என்றால் எண்ணெய் மட்டம், உள்ளே புகுந்த காற்று, சிலிண்டர் கசிவு. நின்றபோதும் விழவில்லையா? கியர் லீவரின் புஷ் (ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வளையம்), லீவரை கியர்பாக்ஸோடு இணைக்கும் லிங்கேஜ் பாருங்கள். கியர்பாக்ஸ் அதற்கப்புறம்தான்.

ரிவர்ஸ் மட்டும் 'கர்ர்' என்றால் பதறாதீர்கள். பழைய காடிகள் பலவற்றில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கி உரசாமல் சேர்க்கும் பாகம்) கிடையாது. கிளட்ச் பெடலை அடிவரை மிதித்து 3, 4 விநாடி பொறுத்துப் போடுங்கள். அப்போதும் கத்தினால் கிளட்சைச் சந்தேகிக்கலாம்.

கியர் விழவில்லை என்றதும் கேபிளை முறுக்கி இறுக்குவது இன்னொரு வினை. பெடலில் கொஞ்சம் வெறும் ஆட்டம், அதாவது கிளட்சைத் தொடாமல் சும்மா நகரும் தூரம் இருக்க வேண்டும். அது அடியோடு போனால் கிளட்ச் பிளேட் பிடிமானமில்லாமல் வழுக்கும். துன் சார்டோன் மலைச்சாலையில் பாலேக் பூலாவ் பக்கம் ஏறும்போது தெரிந்துவிடும்: ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்ஜின் அலறும், காடி நகராது, கருகிய வாடை வரும். உடனே புது பிளேட் வாங்க ஓடாதீர்கள், முதலில் அந்த ஆட்டத்தைப் பாருங்கள். பினாங்குப் பாலத்து ஜேமில் கிளட்ச் பெடல் மேலேயே கால் வைத்து பிளேட்டைத் தேய்த்தபடி ஊர்கிறவர்களுக்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

சத்தத்துக்கும் கணக்கு உண்டு. கிளட்ச் பெடலை மிதித்ததும் இரைந்தால் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங், அதாவது கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் பேரிங். நியூட்ரலில் இரைந்து, மிதித்ததும் அடங்கினால் கியர்பாக்ஸ் முன் தண்டின் பேரிங்.

ஹைட்ராலிக் கிளட்சின் எண்ணெய் டப்பாவில் கையில் கிடைத்த இன்ஜின் எண்ணெயை ஊற்றாதீர்கள், ரப்பர் சீல்கள் ஊதிப்போகும். அதற்கு பிரேக் எண்ணெய்தான்.

உண்மையிலேயே இறக்கத்தான் வேண்டுமென்றால், பிளேட்டை மட்டும் மாற்றி 'மிச்சம்' பிடிக்காதீர்கள். அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். இன்ஜின் பின்பக்க ஆயில் சீல் ஈரமாக இருக்கிறதா என்று பக்கத்தில் நின்றே பாருங்கள். அங்கே கசிந்தால் புது பிளேட்டும் வழுக்கும், மறுபடி இறக்க வேண்டி வரும்.