தோல் தொழிலிலிருந்து வந்த அரசியல்வாதியின் வாழ்க்கைக் குறிப்பை எழுதும் முறை

பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி போன்ற ஊர்களில் பள்ளி மலருக்கோ நினைவு மலருக்கோ உள்ளூர்த் தலைவர் ஒருவரைப் பற்றி எழுத அமர்பவர்கள், பெரும்பாலும் "அவர் தோல் தொழில் செய்தவர்" என்ற ஒரே தொடரில் அவருடைய உழைப்பை முடித்துவிடுகிறார்கள். சுண்ணாம்புத் தொட்டியருகே நின்று தோலைப் புரட்டியவர், சென்னைப் பெரியமேட்டில் மண்டி வைத்து லண்டனுக்குத் தோல் அனுப்பியவர், ஷூ கம்பெனியில் காலணியின் மேற்பகுதித் தோலைத் தைத்தவர் ஆகிய மூவருமே அந்தத் தொடருக்குள் அடங்கிவிடுகிறார்கள். இவர்கள் பழகிய மனிதர்களும் வேறு, அரசியலுக்கு வந்த வழியும் வேறு. ஆகவே குறிப்பு எழுதுபவர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி, அவருடைய கை என்ன வேலை செய்தது, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை செய்தது என்பதே.

இதை நான் ஒரு தவற்றின் வழியாகக் கற்றேன். எங்கள் பகுதியின் முன்னாள் வார்டு உறுப்பினர் ஒருவரைப் பற்றி எழுதியபோது, அவர் டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை செய்தவர் என்று எவரையும் விசாரிக்காமல் எழுதிவிட்டேன். மலர் அச்சாகி வந்த பிறகு அவருடைய மகள் என்னைத் தேடி வந்து, "எங்கப்பா டேனரிக்குள்ள போய் வேலையே செஞ்சதில்லீங்க ஐயா, ஆவாரம்பட்டை வண்டி ஓட்டினாரு" என்றார். ஆவாரம்பட்டை என்பது அந்நாளில் தோல் பதனிட உதவிய சரக்கு. அதைச் சேகரிக்க அவர் ஆந்திர எல்லையோரச் சிற்றூர்களுக்கெல்லாம் போய் வந்திருக்கிறார். அந்த ஊர்களில் அவரை அறியாத வீடு இல்லை என்பதும், அவருக்கு வாக்குகள் எங்கிருந்து வந்தன என்பதும் அந்த ஒரு விவரத்தால்தான் எனக்குப் புரிந்தன. நான் எழுதியிருந்த பொதுவான வரி அதை முழுவதுமாக மறைத்துவிட்டது.

தேர்தல் மேடையில் சொல்லப்படும் தொழிலை அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு அமெரிக்காவின் 1872ஆம் ஆண்டுத் தேர்தல் நல்ல சான்று. குடியரசுக் கட்சியின் பிரசாரச் சுவரொட்டி ஒன்று, குடியரசுத் தலைவர் வேட்பாளர் யுலிசிஸ் கிராண்டைக் "கலீனாவின் தோல் பதனிடுபவர்" என்றும், துணைத் தலைவர் வேட்பாளர் ஹென்றி வில்சனை "நாட்டிக்கின் செருப்புத் தொழிலாளி" என்றும் காட்டியது. வில்சனைப் பொறுத்தவரை அந்தப் பெயர் நியாயமானது. 1812இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பத்து வயதில் பண்ணை ஒன்றில் ஒப்பந்தப் பையனாக விடப்பட்டு, இருபத்தொரு வயதில் விடுபட்ட பிறகு நாட்டிக் ஊருக்கு வந்து செருப்புத் தைக்கக் கற்றவர் அவர். ஆனால் அவரே பின்னாளில் ஆட்களை வைத்துக் காலணி செய்யும் உரிமையாளராகவும் ஆனார் என்பதைச் சேர்த்து எழுதாவிட்டால் குறிப்பு பாதியில் நின்றுவிடும். கிராண்டின் நிலை வேறு. அவருடைய தந்தைதான் தோல் பதனிடுபவர். சிறுவயதிலேயே அந்த வேலையைக் கிராண்ட் வெறுத்தார். கலீனா ஊரில் 1860 முதல் உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861 வரை அவர் வேலை பார்த்தது குடும்பத்தின் தோல் கடையில்தான். அங்கே அவர் பதனிடும் வேலை செய்யவில்லை. உழைப்பாளர்களின் வாக்குக்காகத் தந்தையின் கைத்தொழில் மகனுடைய பெயரோடு ஒட்டப்பட்டது. நம் ஊர்ச் சுவரொட்டிகளையும் இதே கண்ணோடு படிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தத் துறையிலிருந்து பொதுவாழ்வுக்கு வந்தவர்களில் பலர் வணிகர்கள். சென்னையின் பெரும் தோல் வணிகரான ஜமால் முகமது சாகிப், இந்திய வணிகக் கூட்டமைப்பின் தலைவராக இருந்தவர். 1931இல் லண்டனில் நடந்த இரண்டாம் வட்டமேசை மாநாட்டிலும் கலந்துகொண்டார். 1896இல் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த காயிதே மில்லத் முகமது இஸ்மாயில் சென்னையில் தோல் வணிகத்தில் முன்னணியில் இருந்தவர்; அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்று, பின்னர் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதியிலிருந்து 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களில் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவர்களைத் "தோல் வணிகர்" என்று எழுதுவதே சரி. "தோல் தொழிலாளி" என்று எழுதினால், அது அவர்களுக்கும் பொருந்தாது, தொட்டியில் நின்றவர்களுக்கும் நீதி செய்யாது. பிரான்சின் பெலிக்ஸ் போர் இரண்டு நிலைகளையும் கடந்தவர். இளமையில் பதனிடும் வேலையைச் செய்து, பின்பு லே ஆவ்ர் துறைமுகத்தில் வணிகராகி, 1895இல் அந்நாட்டின் குடியரசுத் தலைவரானார். அத்தகைய வாழ்க்கையை எழுதும்போது இரண்டு காலங்களையும் தனித்தனியே பிரித்துக் காட்ட வேண்டும்.

இங்கே மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் சாதி. பழைய ஆவணங்களில் தொழில் என்ற இடத்தில் சாதிப் பெயரும், சாதி என்ற இடத்தில் தொழிலும் எழுதப்பட்டிருக்கும். ஒருவர் அருந்ததியர் குடும்பத்தில் பிறந்தவர் என்பதாலேயே அவர் செருப்புத் தைத்தார் என்று எழுதுவது பிழை மட்டுமன்று, அவமதிப்பும் ஆகும். சென்னை மாகாணச் சட்ட மேலவையில் அச்சமூகத்தின் குரலாக இருந்த எல்.சி. குருசாமியைப் போன்றவர்களைப் பற்றி எழுதும்போது, அவர்கள் நேரடியாகச் செய்த பணிகளைச் சொல்ல வேண்டுமே தவிர, பிறப்பிலிருந்து ஒரு தொழிலை வருவித்துச் சூட்டக் கூடாது.

ஆவணங்களைத் தேடுவதில் எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம் 1911 வரை சித்தூர். அந்த ஆண்டு ஏப்ரலில் சித்தூர் தனி மாவட்டமாகி, பலமநேர் போன்ற வட்டங்கள் அதனோடு சேர்ந்தன. வட ஆற்காட்டுக்கு வேலூர் தலைநகரமாயிற்று. 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. 2019இல் வேலூர் மாவட்டத்திலிருந்து திருப்பத்தூரும் இராணிப்பேட்டையும் பிரிந்தன. ஆகவே பேரணாம்பட்டு மலைப்பாதைக்கு அப்பால் பிறந்து, இப்பால் வந்து தொழில் செய்த ஒருவரைப் பற்றிய தாள்கள் இரண்டு மாநிலங்களில் சிதறிக் கிடக்கலாம். அவர் பிறந்த ஆண்டில் அந்த ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதை உறுதி செய்துகொண்டு, அதன் பிறகே எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குச் செல்லுங்கள். பேரணாம்பட்டு என்ற பெயரில் முன்பு சட்டமன்றத் தொகுதி ஒன்று இருந்தது. 2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுசீரமைப்பில் அது நீக்கப்பட்டது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நாடாளுமன்ற உறுப்பினர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை இரு அவைகளின் செயலகங்களும் வெளியிட்டுள்ளன. அவை உறுப்பினர்களே கொடுத்த விவரங்கள் என்பதால், அங்கே "வணிகர்" என்று இருந்தால் என்ன வணிகம் என்று மேலும் விசாரிக்க வேண்டும். அண்மைக்கால வேட்பாளர்களுக்குப் படிவம் 26 என்னும் உறுதிமொழிப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கும். அதில் தொழில், வருமானம் பற்றிய பகுதிகள் உள்ளன.

தாள்களை விடவும் நேர்ப்பேச்சு கூடுதலாகத் தரும். பெரியவர்களிடம் "என்ன வேலை செய்தீர்கள் ஐயா?" என்று மட்டும் கேட்டால் "டேனரி வேலை" என்ற பதிலோடு பேச்சு நின்றுவிடும். உப்புத் தோலை இறக்கினீர்களா, சுண்ணாம்பில் போட்டீர்களா, சதை சீவினீர்களா, தோலைச் சுழற்றிப் பதனிடும் டிரம்மில் இருந்தீர்களா என்று ஒவ்வொரு கட்டமாகக் கேளுங்கள். பழைய முறையில், ஆவாரம்பட்டைச் சாறு நிறைந்த குழியில் தோல் வாரக்கணக்கில் ஊறும். குரோமிய உப்பால் பதனிடும் பிந்தைய குரோம் முறையில் சில நாட்களிலேயே நீல நிறத் தோலாக வெளிவரும். அவர் எந்த முறையை விவரிக்கிறார் என்பதைக் கொண்டே காலத்தை ஓரளவு கணிக்கலாம். மத்திய அரசு அமைத்த சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி, பதனிட்டும் மெருகு முடியாத அரைப்பதத் தோலின் ஏற்றுமதிக்கு 1973 முதல் கட்டுப்பாடு வந்தது. முழுப்பதத் தோலும் காலணியும் செய்யும் கம்பெனிகள் இப்பகுதியில் பெருகியது அதன் பிறகே. யாராவது 1960களில் ஆம்பூரில் பெரிய ஷூ கம்பெனியில் தைத்ததாகச் சொன்னால், ஆண்டை மறுபடி கேளுங்கள்.

உருது பேசும் வீட்டில் உருது தெரிந்த ஒருவரையும், தெலுங்கு பேசும் வீட்டில் தெலுங்கு தெரிந்த ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். தொழிற்சொற்கள் அவரவர் வீட்டு மொழியில்தான் தயக்கமின்றி வரும். உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடஒதுக்கீடு வந்த பிறகு, ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்த்த பெண்களும் உறுப்பினர்களாகும் வழி திறந்திருக்கிறது. அவர்களுடைய கதையைக் கணவரிடம் கேட்காதீர்கள், அவர்களிடமே கேளுங்கள்.

எழுதி முடித்ததும் வரைவை அக்குடும்பத்தில் ஒருவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். வேலையின் பெயர், ஆண்டு, ஊர் ஆகிய மூன்றிலும் அவர் திருத்தம் சொன்னால், யார், எந்த நாளில் சொன்னார் என்பதை ஓரத்தில் குறித்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு மலருக்கு அனுப்புங்கள்.