தனிச்சாவி கசிந்ததோ என்ற ஐயம் வந்தவுடன் கிரிப்டோ நிதியைக் காப்பது எப்படி

வங்கிக் கணக்கின் கடவுச்சொல் வெளியே போய்விட்டால் அதை மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். கிரிப்டோவில் அந்த வசதி பெரும்பாலும் கிடையாது. பிட்காயினிலும் எத்தீரியத்திலும் முகவரி என்பதே, பணத்தைச் செலவழிக்க அதிகாரம் தரும் இரகசிய எண்ணான தனிச்சாவியிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது என்பதால், முகவரியை அப்படியே வைத்துக்கொண்டு சாவியை மட்டும் மாற்ற முடியாது. சாவிகளை வைத்திருக்கும் வாலட் செயலியின் கடவுச்சொல்லை மாற்றினால் உங்கள் கருவியிலுள்ள கோப்பின் பூட்டு மட்டுமே மாறும். சாவியின் நகலை வைத்திருப்பவருக்கு உங்கள் கருவியோ செயலியோ தேவையே இல்லை. ஆகவே இதற்கு ஒரே வழி, பழைய சாவியோடு எந்தத் தொடர்பும் இல்லாத புதிய சாவிக்குப் பணத்தை நகர்த்துவதுதான். எப்படிக் கசிந்தது என்ற ஆராய்ச்சியை அதன் பிறகு நிதானமாகச் செய்யலாம்.

கசிவு உறுதியாகும்வரை காத்திருப்பது பெருந்தவறு. சாவிகளை மீண்டும் உருவாக்க உதவும் மீட்புச் சொற்களைப் படம் எடுத்து அது கிளவுடில் ஏறியிருந்தாலோ, உதவி மையம் என்று சொன்ன பக்கத்தில் அவற்றைத் தட்டச்சு செய்திருந்தாலோ, வாலட் இருக்கும் கணினியில் திருட்டு மென்பொருளை நிறுவியிருந்தாலோ, அந்த ஐயமே போதும். எந்தத் தவறும் செய்யாதவர்களும் மாட்டிக்கொள்வதுண்டு. 2013 ஆகஸ்ட்டில் ஆண்ட்ராய்டின் சமவாய்ப்பு எண் உருவாக்கத்தில் இருந்த குறையால் பல பிட்காயின் வாலட்டுகளின் சாவிகள் கண்டுபிடிக்கக் கூடியவையாகிவிட்டன. 2023-இல் லிப்பிட்காயின் எக்ஸ்ப்ளோரர் என்ற கருவி வெறும் 32 பிட் சமவாய்ப்பிலிருந்து சாவிகளை உருவாக்கியது தெரியவந்தது. 24 சொற்கள் எழுதி வைத்திருந்தவர்களின் சாவியும் உண்மையில் சுமார் 429 கோடி சாத்தியங்களில் ஒன்றாகத்தான் இருந்தது. ஒரு கணினி அவ்வளவையும் தேடிப்பார்த்துவிடும். ஐயம் பொய்யானால் உங்களுக்கு இழப்பு பரிவர்த்தனைக் கட்டணமும் ஒரு மணி நேரமும் மட்டுமே.

ஒன்றை மட்டும் முதலில் பிரித்தறிய வேண்டும். எத்தீரியத்தில், ஏதோ ஒரு தளத்துக்கு நீங்கள் கொடுத்த டோக்கன் அனுமதியை (அந்த வலையமைப்பில் இயங்கும் வேறு நாணயத்தை உங்கள் கணக்கிலிருந்து எடுக்கத் தந்த இசைவை) பயன்படுத்தி, குறிப்பிட்ட ஒரு டோக்கனை மட்டும் யாரோ எடுத்திருக்கலாம். அப்போது அந்த அனுமதியை ரத்து செய்தால் போதும். பரிவர்த்தனைகளைக் காட்டும் ஈதர்ஸ்கேன் போன்ற தளங்களில் அதற்கான பக்கம் உண்டு. ஆனால் நீங்கள் கையொப்பமிடாத ஒரு நேரடிப் பரிவர்த்தனையில் எத்தீரியத்தின் சொந்த நாணயமான ஈதரே வெளியேறியிருந்தால், சாவி போய்விட்டது என்றே கொள்ள வேண்டும். அனுமதி ரத்து அங்கே எதற்கும் உதவாது. எது நடந்தது என்று தெரியாவிட்டால் சாவி போனதாகவே எண்ணிச் செயல்படுங்கள்.

புதிய வாலட்டை ஐயத்துக்கு இடமில்லாத வேறொரு கருவியில் உருவாக்குங்கள். சாவியைத் தனிக் கருவிக்குள்ளேயே வைத்திருக்கும் ஹார்டுவேர் வாலட் இருந்தால் மிக நல்லது. பலர் சறுக்குவது இங்கேதான். பழைய செயலிக்குள்ளேயே ‘புதிய கணக்கு’ என்பதை அழுத்தி, அதில் வரும் முகவரிக்குப் பணத்தை அனுப்பிவிட்டுப் பாதுகாப்பாக இருப்பதாக நம்புகிறார்கள். அந்தச் செயலியில் உருவாகும் கணக்குகள் எல்லாம் அதே 12 அல்லது 24 சொற்களிலிருந்து பிறப்பவை. சொற்கள் கையிலிருந்தால் அத்தனை கணக்குகளும் கையிலிருப்பதாகத்தான் பொருள். அதேபோல், புதிதாக வாங்கிய ஹார்டுவேர் வாலட்டில் பழைய சொற்களை உள்ளிடுவது, கள்ளச்சாவி போடப்பட்ட பூட்டைக் கழற்றிப் புதிய கதவில் மாட்டுவதற்குச் சமம். புதிய சொற்களைத் தாளில் எழுதுங்கள், படம் எடுக்காதீர்கள், பழைய கருவியின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். நம்பகமான கருவி உடனே கிடைக்கவில்லை என்றால் கிரிப்டோவை வாங்கி விற்கும் பரிமாற்றகத்தில் உள்ள கணக்கு தற்காலிகப் புகலிடமாகும். ஆனால் அதன் கடவுச்சொல்லும் மின்னஞ்சலும் கெட்டுப்போன கணினியில் திறந்து கிடக்கவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். எக்ஸ்ஆர்பி போன்ற நாணயங்களை அனுப்பும்போது, பணம் யாருடையது என்று அடையாளம் காட்ட பரிமாற்றகம் தரும் டேக் எண்ணையும் மறக்காதீர்கள்.

பணத்தை அனுப்பும் வேலையைப் பழைய கருவியிலிருந்தே செய்யலாம். அதில் இருக்கும் சாவி எப்படியும் கைவிடப்படப்போகிறது. ஆனால் நகலெடுத்த முகவரியை ஒட்டும் நேரத்தில் மாற்றிவிடும் தீம்பொருள்கள் உண்டு. தொடக்கமும் முடிவும் ஒன்றுபோலத் தோன்றும் போலி முகவரிகளைப் பரிவர்த்தனை வரலாற்றில் நுழைத்து வைக்கும் தந்திரமும் உண்டு. எனவே முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்துகளோடு நின்றுவிடாமல், புதிய கருவியின் திரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு நான்கு எழுத்துகளாக முழு முகவரியையும் வாய்விட்டுப் படித்து ஒப்பிடுங்கள். எத்தீரிய முகவரிக்கு இது பத்தே கூறுகள்தான். வழக்கமாக முதலில் சிறு தொகையை அனுப்பிப் பார்க்கச் சொல்வார்கள். திருட்டு ஏற்கெனவே தொடங்கிவிட்டதென்றால் அதற்கு நேரமில்லை என்பது என் கருத்து. முகவரியைச் சரிபார்த்துவிட்டு முழுவதையும் அனுப்புங்கள்.

மதிப்பு மிகுந்ததை முதலில் அனுப்புங்கள். எத்தீரியத்தில் கேஸ் எனப்படும் பரிவர்த்தனைக் கட்டணத்துக்கு ஈதர் வேண்டும் என்பதால், டோக்கன்களை வெளியேற்றும்வரை கட்டணத்துக்குப் போதுமானதை விட்டுவைத்து, எஞ்சியதைக் கடைசியில் துடைத்தெடுங்கள். கட்டணத்தில் சிக்கனம் வேண்டாம். பிட்காயினில் குறைந்த கட்டணத்தில் அனுப்பினால் அது உறுதியாகாமல் மெம்பூல் என்ற காத்திருப்பு வரிசையில் காத்துக்கிடக்கும். அதே சாவியை வைத்திருக்கும் திருடர் கூடுதல் கட்டணத்தோடு அதே நாணயத்தைச் செலவழித்து உங்கள் பரிவர்த்தனையை முந்திவிட முடியும். இன்னொன்று, எத்தீரியத்தில் உள்ள அதே முகவரியே பாலிகன், ஆர்பிட்ரம், பேஸ், பிஎன்பி செயின் ஆகிய பிற வலையமைப்புகளிலும் உங்களுடையது. ஒவ்வொன்றிலும் மறந்துபோன இருப்பு கிடக்கிறதா என்று பாருங்கள்.

நீங்கள் தாமதமாக வந்திருந்தால் நிலைமை வேறு. டோக்கன்கள் அப்படியே இருக்கும், கேஸுக்கு மட்டும் ஈதர் இருக்காது. அவசரமாகக் கொஞ்சம் ஈதரை அனுப்புவீர்கள். எத்தீரியத்தில் 12 விநாடிக்கு ஒரு பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு) பதிவாகிறது என்பதால், நீங்கள் பக்கத்தைப் புதுப்பித்துப் பார்ப்பதற்குள் அது வேறொரு முகவரிக்குப் போயிருக்கும். அந்த முகவரியை ஒரு நிரல் இடைவிடாமல் கண்காணித்து, வருவதை வந்த வேகத்தில் துடைத்துக்கொண்டிருக்கிறது. மீண்டும் மீண்டும் அனுப்பி அதற்குத் தீனி போடாதீர்கள். கேஸ் அனுப்புவதையும் டோக்கனை வெளியேற்றுவதையும் ஒரே கட்டாகச் சேர்த்து, பொது மெம்பூலுக்கு வராமல் ஃப்ளாஷ்பாட்ஸ் போன்ற தனி வழியில் ஒரே பிளாக்கில் ஏற்றுவதுதான் இதற்கான முறை. இதற்கு நிரலறிவு வேண்டும். செய்யத் தெரிந்தவரின் உதவியை நாடினால் பழைய சாவி அவர் கைக்குப் போக நேரலாம். புதிய சாவி எக்காரணம் கொண்டும் போகக் கூடாது. எத்தீரியத்தின் 2025 மே மாதத்து பெக்ட்ரா மேம்படுத்தலுக்குப் பிறகு, சாதாரணக் கணக்கையும் ஓர் ஒப்பந்த நிரலோடு இணைத்துவைக்க முடிகிறது. உங்கள் கணக்கில் திருடர் அப்படி எதையும் பொருத்தியிருக்கிறாரா என்பதையும் ஈதர்ஸ்கேன் போன்ற தளத்தில் பாருங்கள்.

வருமானத்துக்காக நாணயத்தை வலையமைப்பில் ஈடாக வைக்கும் ஸ்டேக்கிங்கில் பூட்டப்பட்ட பணம் உடனே நகராது. காஸ்மாஸ் ஹப் என்ற வலையமைப்பில் விடுவிப்புக்கு 21 நாள் ஆகும், பணம் வரும் நொடியில் உங்களுக்கும் திருடருக்கும் இடையே ஓட்டப்பந்தயம் நடக்கும். அந்த நாளையும் நேரத்தையும் இப்போதே குறித்துவைத்துத் தயாராகுங்கள். எக்ஸ்ஆர்பி லெட்ஜர் இங்கே ஒரு விதிவிலக்கு. முகவரியை மாற்றாமலேயே புதிய துணைச் சாவியை அமைத்து, மூலச் சாவியைச் செயலிழக்கச் செய்ய அது இடம் தருகிறது. ஆனால் சாவி வைத்திருக்கும் திருடராலும் அதையே செய்ய முடியும் என்பதால் முந்திக்கொள்பவருக்கே கணக்கு.

பணம் போயே விட்டதென்றால் பரிவர்த்தனை எண்களையும் பணம் போய்ச் சேர்ந்த முகவரிகளையும் சேமித்துவையுங்கள். காவல்துறையில் புகார் கொடுங்கள். பணம் ஏதேனும் பரிமாற்றகத்தைச் சென்றடைந்திருந்தால் அங்கும் உடனே தெரிவியுங்கள். டாலர் மதிப்போடு இணைந்த நாணயங்களான யுஎஸ்டிடி, யுஎஸ்டிசி ஆகியவற்றை வெளியிடும் நிறுவனங்களால் ஒரு முகவரியில் உள்ள தங்கள் நாணயத்தை முடக்க முடியும். முன்பணம் கொடுத்தால் மீட்டுத் தருகிறோம் என்று தாமாகத் தேடி வருபவர்களிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். உறுதியான பரிவர்த்தனையைத் திருப்பும் வித்தை எவரிடமும் இல்லை.

நகர்த்தி முடித்த பிறகு, பழைய முகவரிக்கு வழக்கமாகப் பணம் அனுப்புவோருக்கெல்லாம் புதியதைத் தெரிவியுங்கள். பழைய கணினியை முழுமையாக அழித்து மீண்டும் நிறுவும்வரை அதில் எந்த வாலட்டையும் திறக்காதீர்கள். பழைய சொற்கள் எழுதிய தாளைக் கிழித்தெறிய வேண்டாம். மறந்துபோன ஸ்டேக்கிங் தொகையோ பின்னாளில் இலவசமாக வரும் ஏர்டிராப் நாணயமோ அந்த முகவரியில் தோன்றினால் அது தேவைப்படும். அதன்மேல் ‘கசிந்தது’ என்று தேதியோடு எழுதி, புதிய தாளிலிருந்து தள்ளி வேறிடத்தில் வையுங்கள்.