நனையலாம், குளிரக் கூடாது: ஜெர்மன் காட்டில் மழையோடு முதல் தனிச் சைக்கிள் பயணம்

ஜெர்மனியில் மழைக்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஜூலை மாதத்திலும் மூன்று நாள் விடாமல் தூறி, வெப்பநிலை 12 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆகவே மழையில்லாத வாரத்துக்காகக் காத்திருக்காதீர்கள். நாள் முழுவதும் மழையில் மிதித்தால் எந்த உடையும் நனையத்தான் செய்யும். நனைந்தவர் தாங்கிக்கொள்வார், நடுக்கம் கண்டவரோ தவறான திருப்பத்தில் திரும்புவார், பிரேக்கைத் தாமதமாகப் பிடிப்பார். துணையில்லாத பயணத்தில் அதைக் கவனித்துச் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

முதல் படி: பாதை

தொடக்கத்திலேயே ஹார்ஸ் மலைக்கோ கருங்காட்டுக்கோ போகவேண்டாம். ஏற்றத்தில் வியர்த்த உடம்போடு நீண்ட இறக்கத்தில் ஈரக்காற்றை வாங்குவதுதான் மிக வேகமாகக் குளிர வைக்கும். வேசர் ஆற்றுப் பாதையைப் பரிந்துரைக்கிறேன். ஹான் மூண்டன் நகரில் ஃபுல்டாவும் வெர்ராவும் கூடி வேசர் ஆகின்றன. அங்கிருந்து கடல்வரை பாதை ஏறக்குறைய 520 கி.மீ. உங்களுக்கு ஹாமெல்ன் வரையிலான சுமார் 135 கி.மீ. போதும். இடக்கரையில் ரைன்ஹார்ட்ஸ்வால்ட், வலக்கரையில் பிராம்வால்ட், பிறகு சோலிங் என்று காடு கூடவே வரும். பாதையோ பெரும்பாலும் சமதளம். பாட் கார்ல்ஸ்ஹாஃபன், ஹோல்ட்ஸ்மிண்டன் போன்ற ஊர்களில் ரயில் நிலையம் இருப்பதால் முடியாதபோது ஏறிவிடலாம்.

வெயிலில் ஒரு நாளைக்கு 80 கி.மீ. ஓட்டுபவர் மழைக்கு 45 என்று திட்டமிடட்டும். ஹான் மூண்டனிலிருந்து பாட் கார்ல்ஸ்ஹாஃபன் ஏறத்தாழ அவ்வளவுதான். வழியில் ஃபெக்கர்ஹாகனில் ஆற்றின் குறுக்கே கட்டிய கம்பியைப் பிடித்தபடி, எஞ்சின் இல்லாமல் நீரோட்டத்தின் விசையாலேயே அக்கரை சேரும் படகு ஒன்று உண்டு. அவசியம் பாருங்கள். ஆனால் வெள்ளம் ஏறினால் அது ஓடாது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

இரண்டாம் படி: உடையும் பையும்

பருத்தி வேண்டவே வேண்டாம். நனைந்த பருத்தி உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சும். மெல்லிய கம்பளி பனியன் ஈரத்திலும் ஓரளவு சூடு தரும். அதன்மேல் மழைச்சட்டை, கழுத்துப் பக்கத்தைச் சற்றுத் திறந்தே வையுங்கள், இல்லையென்றால் உள்ளேயிருந்து வியர்வையே நனைத்துவிடும். காலுறைக்கும் ஷூவுக்கும் நடுவே ஒரு பாலிதீன் பை. கையுறை இரண்டு ஜோடி.

பையில் ஒரு முழு உடை, காலுறை உட்பட, இரட்டைப் பாலிதீனில் கட்டிக் கிடக்கவேண்டும். அதை வழியில் எந்தக் காரணத்துக்கும் பிரிக்கக் கூடாது. இரவில் கூரைக்கடியில் மட்டுமே அது உங்களுடையது. இந்த ஒரு விதியை மீறியவர்கள்தான் இரண்டாம் நாளே ரயிலேறுகிறார்கள். என் முதல் பயணத்தில் நானும் அப்படித்தான் ஏறினேன்.

மூன்றாம் படி: சைக்கிள்

முழு நீள மட்கார்டு இரண்டும் வேண்டும். ஈரத்துக்கான செயின் எண்ணெய், பிரேக் கட்டைகளின் உதிரி, பளிச்சென்ற விளக்கு ஆகியவை போதும். மழையில் பகலிலும் விளக்கை எரியவிடுங்கள். காட்டுக்குள் நண்பகலும் அந்திபோல் இருண்டிருக்கும்.

நான்காம் படி: ஓட்டும் விதம்

ரிம்மைப் பிடிக்கும் பிரேக் ஈரத்தில் உடனே பிடிக்காது. இறக்கம் தொடங்கும் முன்பே லேசாக அழுத்தி நீரைத் துடைத்துவிடுங்கள். பீச் (beech) மர இலைகள், வேர்கள், மரப்பாலங்கள், தண்டவாளங்கள் நான்கிலும் ஹேண்டில்பாரைத் திருப்பவோ பிரேக்கை இறுக்கவோ கூடாது. தண்டவாளத்தைச் செங்கோணத்தில் கடக்கவேண்டும்.

பசி எடுக்கும் முன்பே சாப்பிடுங்கள். உடம்பின் சூடு அதிலிருந்துதான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமையே வாங்கி வைக்கவேண்டும். விரல்கள் மரத்து பொத்தான் போட முடியவில்லை என்றால் அன்றைய பயணம் முடிந்தது. அடுத்த ஊரில் நில்லுங்கள்.

ஐந்தாம் படி: தனிமை

காலையில் ஜெர்மன் வானிலைத் துறையின் எச்சரிக்கைச் செயலியைப் பாருங்கள். மழை பரவாயில்லை. புயல்காற்று என்றால் காட்டுக்குள் நுழையாதீர்கள். வறட்சியாலும் பட்டை வண்டுகளாலும் பட்டுப்போன ஸ்ப்ரூஸ் மரங்கள் பல காடுகளில் நிற்கின்றன. அவை சொல்லாமல் விழும்.

காட்டுப் பாதைகளில் வெள்ளைச் சிலுவையும் எண்ணும் கொண்ட பச்சைப் பலகைகளைக் காண்பீர்கள். அவை மீட்பு இடக்குறிகள். கடைசியாகக் கடந்த எண்ணைக் குறித்து வைத்திருந்தால், அவசர உதவி எண்ணான 112-ஐ அழைக்கும்போது ஊர்பேர் தெரியாமல் தவிக்க வேண்டாம். வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். காகித வரைபடமும் இருக்கட்டும், ஏனெனில் நனைந்த தொடுதிரை விரலுக்குக் கட்டுப்படாது.

ஆறாம் படி: இரவு

காட்டில் கண்ட இடத்தில் கூடாரம் போடுவதற்குப் பொதுவாக அனுமதியில்லை. ஆற்றோரம் முகாம் மைதானங்கள் உண்டு. ஆனால் மழை தொடர்ந்தால் இரண்டு இரவுக்கு ஒன்றாவது அறையெடுங்கள். சைக்கிள்காரர்களை வரவேற்கும் விடுதிகளுக்கு ஏடிஎஃப்சி என்ற ஜெர்மன் சைக்கிள் சங்கம் 'பெட் ப்ளஸ் பைக்' சான்று தருகிறது; அங்கே துணி உலர்த்த இடம் இருக்கும். முழங்காலுக்குப் பின்புறமும் இடுக்குகளிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். ஒரு மணி நேரம் கழித்து அதை மாற்றுங்கள்.

காலையில் துணி காயாமலிருந்தால் அந்த ஈரத் துணியையே மறுபடி அணியுங்கள். உலர்ந்தது பைக்குள் திரும்பவேண்டும். முதல் பத்து நிமிடம் கொடுமையாக இருக்கும். லேசான கியரில் வேகமாக மிதியுங்கள். பதினைந்தாவது நிமிடத்தில் கம்பளி சூடேறத் தொடங்கும்.