ஸ்டெல்த் கேம் தொடர்ச்சிக்குக் கலவையான விமர்சனமா? வாக்குவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒளிந்து விளையாடும் கேம் ஒன்றின் அடுத்த பாகம் வந்து, விமர்சனங்கள் இரண்டுபட்டால், ரசிகர்களுக்குள் சண்டை மூளாமல் இருக்காது. 2012இல் ‘ஹிட்மேன்: அப்சொல்யூஷன்’, 2014இல் ‘தீஃப்’, 2016இல் ‘டிஸ்ஆனர்ட் 2’ என்று ஒவ்வொரு முறையும் இதே கதைதான். சண்டை போடுவதில் தப்பில்லை. இந்த வகை கேம்கள் குறைவு, அதனால் வருகிற ஒவ்வொன்றின் மீதும் எதிர்பார்ப்பு அதிகம். ஆனால் பெரும்பாலும் இரண்டு தரப்பும் ஒரே கேமைப் பற்றிப் பேசுவதில்லை. டிஃபிகல்ட்டியை (கடின அளவை) மாற்றினால், சேவ் செய்யும் பழக்கத்தை மாற்றினால், திரையில் தெரியும் உதவிக் குறிகளை அணைத்தால், ஸ்டெல்த் கேம் வேறு கேமாகிவிடும். இதைச் சொல்லாமல் தொடங்கும் எந்த வாதமும் முடிவுக்கு வராது.

முதல் தவறு, ‘மிக்ஸ்ட்’ (கலவை) என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு வாதாடுவது. விமர்சகர் மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் கேம்களுக்கு 75 முதல் பச்சை, 50 முதல் 74 வரை மஞ்சள். அந்த மஞ்சளுக்குத்தான் அங்கே மிக்ஸ்ட் என்று பெயர். படங்களுக்கு இதே தளத்தில் 61இலேயே பச்சை தொடங்கிவிடுகிறது. ஆகவே 70 வாங்கிய படமும் 70 வாங்கிய கேமும் ஒரே நிறத்தில் தெரியாது. கேம்களை விற்கும் ஸ்டீம் கடையில் கணக்கே வேறு. அங்கே யாரும் மதிப்பெண் போடுவதில்லை. பரிந்துரைக்கிறேன், பரிந்துரைக்கவில்லை என்று இரண்டே பதில்தான். நூற்றுக்கு 40 முதல் 69 பேர் வரை பரிந்துரைத்தால் மிக்ஸ்ட். நூறு பேரில் நூறு பேரும் ‘பரவாயில்லை, வாங்கலாம்’ என்று நினைத்தால் ஸ்டீமில் அது நூறு சதவீதம். அதே நூறு பேர் மதிப்பெண் போட்டால் மெட்டாக்ரிட்டிக்கில் மஞ்சளாக நிற்கக்கூடும். ‘டிஸ்ஆனர்ட் 2’ வெளியான நாட்களில் விமர்சகர் மதிப்பெண் எண்பதுகளில் பச்சையாக இருந்தது, ஸ்டீமில் மிக்ஸ்ட் என்று காட்டியது. இரண்டுமே உண்மை. விமர்சகர்கள் கேமின் வடிவமைப்புக்கு மதிப்பெண் போட்டார்கள். ஸ்டீமில் எழுதியவர்கள் தங்கள் கம்ப்யூட்டரில் அது திக்கித் திணறுவதை எழுதினார்கள்.

ஸ்டீம் ரிவ்யூவைப் படிக்கும்போது மூன்றைப் பாருங்கள். எழுதிய நேரத்தில் அவர் எத்தனை மணி நேரம் விளையாடியிருந்தார் என்பது ஒன்று. மொத்த மணி நேரத்தோடு இதுவும் தனியாகக் காட்டப்படும். ரிவ்யூ எழுதிய தேதி இரண்டாவது. மேலே இருக்கும் வரைபடத்தில் எதிர்மறைகள் ஒரே வாரத்தில் குவிந்திருக்கின்றனவா, பரவலாக இருக்கின்றனவா என்பது மூன்றாவது. ஒரே வாரத்தில் குவிந்திருந்தால் காரணம் பெரும்பாலும் கேமுக்குள் இல்லை: ஒரு பேட்ச் (கேமைத் திருத்தும் அப்டேட்), ஒரு விலை மாற்றம், அல்லது இணையக் கட்டாயம். 2021 செப்டம்பரில் ‘ஹிட்மேன்’ முதல் பாகம் ஜிஓஜி கடைக்கு வந்தபோது இப்படித்தான் எதிர்மறை குவிந்தது. டிஆர்எம் (நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டு) இல்லாமல் விற்பதே அந்தக் கடையின் கொள்கை. கேமோ இணையத்தில் இணையாவிட்டால் பல அம்சங்களைத் தராது. அடுத்த மாதமே அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த எதிர்மறைகளைக் காட்டி ‘மிஷன் வடிவமைப்பு மோசம்’ என்று வாதாட முடியாது.

எந்தப் பதிப்பு, எந்தத் தேதி

பிளாட்பாரத்தை (எந்தக் கருவியில் விளையாடினோம் என்பதை) சொல்லாமல் வாதிடுவது அடுத்த தவறு. இதற்கு ‘ஸ்ப்ளின்டர் செல்: டபுள் ஏஜென்ட்’டை விட நல்ல உதாரணம் கிடையாது. 2006இல் அந்தப் பெயரில் இரண்டு கேம்கள் வந்தன. எக்ஸ்பாக்ஸ் 360, பிசி, பிறகு பிஎஸ்3 ஆகியவற்றுக்கு யூபிசாஃப்ட் ஷாங்காய் ஸ்டுடியோ செய்தது ஒன்று. பிஎஸ்2, பழைய எக்ஸ்பாக்ஸ், கேம்க்யூப், வீ ஆகியவற்றுக்கு யூபிசாஃப்ட் மான்ட்ரியால் செய்தது இன்னொன்று. கதையின் எலும்புக்கூடு ஒன்றுதான், மிஷன்களின் அமைப்பு வேறு. இன்றைக்கும் ‘டபுள் ஏஜென்ட் அருமை’, ‘டபுள் ஏஜென்ட் சொதப்பல்’ என்று இரண்டு பேர் மோதிக்கொண்டால், முதலில் கேட்க வேண்டியது எதில் விளையாடினீர்கள் என்பதுதான்.

‘டிஸ்ஆனர்ட் 2’ விஷயத்தில் சிக்கல் பிசியில் இருந்தது. பரிந்துரைத்த கிராஃபிக்ஸ் கார்டே ஜிடிஎக்ஸ் 1060, ரேம் 16 ஜிபி. அதைவிட நல்ல கார்டு வைத்திருந்தவர்களுக்கும் தொடக்கத்தில் ஃபிரேம் ரேட் (நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) விழுந்தது. ஸ்டெல்த்தில் இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. மவுஸ் அசைவு தாமதமானால் காவலரின் பின்னால் போய்க் கழுத்தைப் பிடிக்க வேண்டிய நொடி தவறிப்போகும். ‘கண்ட்ரோல் சரியில்லை’ என்று எழுதியவர்களில் சிலர் உண்மையில் ஃபிரேம் ரேட்டைத்தான் திட்டினார்கள். 2016 டிசம்பரில் நியூ கேம் ப்ளஸ் (பெற்ற திறன்களோடு கேமை மீண்டும் தொடங்கும் வசதி) வந்தது. 2017 ஜனவரியில் தனிப்பயன் டிஃபிகல்ட்டி வந்தது: சுவரோரம் சாய்ந்து எட்டிப் பார்க்கும்போது எவ்வளவு தெரிவோம், தூக்க ஊசி எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பது வரை நாமே நகர்த்தி வைக்கலாம். முதல் பாகத்தில் சாய்ந்து பார்த்தால் காவலருக்கு நாம் தெரிய மாட்டோம். அந்தப் பழக்கத்தோடு இரண்டாம் பாகத்துக்கு வந்தவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். கேம் வெளியான நவம்பரின் ரிவ்யூவையும் பிப்ரவரி ரிவ்யூவையும் அருகருகே வைத்து ‘இவர் பொய் சொல்கிறார்’ என்பது அநியாயம். எந்தப் பேட்ச் என்று கேளுங்கள்.

‘ஏஐ மொக்கை’ என்று சொல்வதற்கு முன்

காவலர்களை இயக்கும் ஏஐ சரியில்லை: அதிகம் கேட்கும் குற்றச்சாட்டும் இதுதான், ஆதாரமில்லாமல் சொல்லப்படுவதும் இதுதான்.

காவலர் உடனே பார்க்காமல் ஒன்றிரண்டு நொடி தயங்குவது பிழை இல்லை, வேண்டுமென்றே வைத்தது. பார்வையில் பட்டவுடனே அலாரம் அடித்தால் ஆட்டக்காரருக்குத் திருத்திக்கொள்ள இடமே இருக்காது. அதனால்தான் கண்டுபிடிப்பு மீட்டர் மெல்ல நிரம்புகிறது. அதனால்தான் காவலர் ‘யார் அங்கே?’ என்று வாய்விட்டுக் கேட்கிறார். அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று நமக்குத் தெரிவதற்காகவே அந்தப் பேச்சு. 1998இன் முதல் ‘தீஃப்’ கேமிலேயே காவலருக்கு ஒற்றைப் பார்வைக் கூம்பு (கண்ணுக்கு எட்டும் பரப்பு) கிடையாது. நேர் பார்வை, ஓரப் பார்வை என்று பல கூம்புகள், ஒவ்வொன்றுக்கும் வேறு கூர்மை. எனவே ‘பக்கத்தில் நின்றேன், பார்க்கவே இல்லை’ என்றால், எந்தப் பக்கத்தில், எவ்வளவு வெளிச்சத்தில், உட்கார்ந்தா நின்றா, எவ்வளவு நேரம் என்று சொன்னால்தான் அது குற்றச்சாட்டு.

சோதித்துப் பார்ப்பது சுலபம். தனியாக ரோந்து போகும் ஒரு காவலரைத் தேர்ந்தெடுத்து, அவர் பாதை முழுதும் ஒருமுறை ஓடி முடியும் வரை காத்திருந்து சேவ் செய்யுங்கள். முதலில் வெளிச்சத்தில் நேர் எதிரே, சுமார் பத்தடி தூரத்தில் நில்லுங்கள். மீட்டர் நிரம்ப எத்தனை நொடி என்று எண்ணுங்கள். லோடு செய்து அதே இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். பிறகு அதே தூரத்தில் நிழலில். பிறகு பக்கவாட்டில். ஒவ்வொன்றையும் மூன்று முறையாவது செய்ய வேண்டும். ஒருமுறை நடந்தது தற்செயலாக இருக்கலாம். அடுத்து ஒலி: கம்பளத்தில், கல் தரையில், இரும்புத் தட்டில் ஒரே வேகத்தில் நடந்து பாருங்கள். கடைசியாக ஒரு மயங்கிய உடலை அவர் பாதையில் போட்டுவிட்டு மறைந்திருங்கள். கண்டவுடன் என்ன செய்கிறார், யாரைக் கூப்பிடுகிறார், எவ்வளவு நேரம் தேடுகிறார், தேடல் முடிந்தபின் பழைய பாதைக்கே போகிறாரா, எச்சரிக்கையாகவே இருக்கிறாரா? இதையே இன்னொரு டிஃபிகல்ட்டியில் திரும்பச் செய்தால் பாதி வாதம் தானே தீர்ந்துவிடும், ஏனென்றால் பல கேம்களில் மீட்டரின் வேகமே டிஃபிகல்ட்டியோடு மாறும்.

இதோடு ஒட்டியதுதான் க்விக்லோடு (கடைசி சேவுக்கு உடனே திரும்பும்) பழக்கம், என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு. யாராவது பார்த்துவிட்டால் உடனே எஃப்9 அழுத்துபவர் கேமின் பாதியைப் பார்ப்பதே இல்லை. துரத்தல், தேடல், தப்பித்தல், கூரை மேல் ஏறி மூச்சு வாங்குதல் எல்லாம் உருவாக்கியவர்கள் பல மாதம் உழைத்த பகுதிகள். அவற்றைத் தொடாமலே ‘ஒரே மாதிரி இருக்கிறது, இழுவை’ என்று ரிவ்யூ எழுதுகிறார்கள். ஒரு மிஷனையாவது லோடு செய்யாமல், மாட்டினால் தப்பித்து ஓடி, கடைசி வரை கொண்டுபோய்ப் பாருங்கள். மாட்டாமல் முடிக்கும் ‘கோஸ்ட்’ ஓட்டம் அழகானதுதான், ஆனால் அது இரண்டாம் முறைக்கானது. ‘மெட்டல் கியர் சாலிட் 5’ இந்தப் பழக்கத்தை நேரடியாக எதிர்கொண்டது: பார்க்கப்பட்ட கணத்தில் நேரம் மெதுவாகி, அலாரம் அடிக்குமுன் அந்த ஒருவரை வீழ்த்த ஒரு வாய்ப்புத் தரும். அது பிடிக்காதவர் செட்டிங்ஸில் அணைத்துவிடலாம். அணைத்தவரும் அணைக்காதவரும் ‘ரொம்ப ஈஸி’, ‘சரியான சவால்’ என்று மோதிக்கொண்டால் இருவருக்கும் நஷ்டம்.

உதவிகளை அணைக்காமல் கேமைக் குறை சொல்வது, அணைத்துவிட்டு மற்றவரைக் குறை சொல்வது, இரண்டும் நடக்கிறது. ‘தீஃப்’ 2014இல் ஃபோகஸ் என்ற சக்தி திருட வேண்டிய பொருட்களையும் ஏறக்கூடிய இடங்களையும் ஒளிரவைத்துக் காட்டும். ‘கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறது’ என்று கோபப்பட்டவர்கள் நிறைய. ஆனால் அதே கேமில் தனிப்பயன் டிஃபிகல்ட்டி இருந்தது: ஃபோகஸ் கிடையாது, அத்தியாய முடிவில் மட்டுமே சேவ், தோற்றால் முதலிலிருந்து என்று வரிசையாக அடுக்கிக்கொள்ளலாம். இப்படி விளையாடினால் அந்தக் கேம் நன்றாகவே சோதிக்கும். அதற்காக எல்லாக் குறையும் தீர்ந்துவிடாது. கயிற்று அம்பை மரம் இருக்கும் இடமெல்லாம் எய்து ஏறலாம் என்ற பழைய சுதந்திரம் போய், குறிப்பிட்ட உத்திரங்களில் மட்டும் என்று சுருங்கியதை எந்த செட்டிங்கும் மாற்றாது. நினைத்த இடத்தில் குதிக்க முடியாததும் அப்படியே. அணைக்கக்கூடிய குறை எது, வரைபடத்திலேயே கட்டிவைத்த குறை எது என்று பிரித்துச் சொல்லும் ரசிகர்தான் மற்றவருக்கு உபயோகமாகிறார்.

‘பழையது மாதிரி வராது’ என்பதும் இங்கேதான் வழுக்குகிறது. எது மாதிரி என்று சொல்ல வேண்டும். ‘ஹிட்மேன்: அப்சொல்யூஷன்’ பற்றிய நியாயமான கோபம் துல்லியமானது: ஒரு சமையல்காரர் உடையைப் போட்டால் அங்கிருக்கும் எல்லாச் சமையல்காரர்களுக்கும் சந்தேகம் வரும், அதைச் சமாளிக்க இன்ஸ்டிங்க்ட் என்ற சக்தியின் மீட்டரைக் கரைத்து முகத்தை மறைக்க வேண்டும். நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் எல்லோரையும் அறிந்திருப்பார்களா என்று ரசிகர்கள் கேட்டார்கள். 2016இல் வந்த ‘ஹிட்மேன்’ கேமில் ஒவ்வொரு உடைக்கும் சில குறிப்பிட்ட ஆட்கள் மட்டுமே அடையாளம் காண்பார்கள், அவர்கள் தலைமேல் வெள்ளைப் புள்ளி தெரியும். குறையைச் சரியாகச் சுட்டிப் பேச முடிந்தது என்பதால்தான் இந்த மாற்றத்தின் மதிப்பும் நமக்கு உடனே புரிகிறது. ‘ஸ்ப்ளின்டர் செல்: கன்விக்‌ஷன்’ விஷயத்திலும், ‘ஆக்‌ஷன் கேமாகிவிட்டது’ என்ற புலம்பலைவிட ‘உடலைத் தூக்கி ஒளித்துவைக்க முடியவில்லை’ என்ற ஒரு வரி அதிகம் சொல்கிறது. நினைவை நம்பாதீர்கள், பழைய பாகத்தின் ஒரு மிஷனைத் திரும்ப விளையாடிவிட்டு ஒப்பிடுங்கள்.

விமர்சகர்கள் மீதான சந்தேகத்துக்கு ஓரளவு காரணம் உண்டு, ஆனால் லஞ்சம் என்று முடிவுகட்டுவது சோம்பேறித்தனம். அவர்களுக்குக் கிடைக்கும் நேரத்தைப் பாருங்கள். 2015இல் ‘மெட்டல் கியர் சாலிட் 5’ கேமைப் பல விமர்சகர்கள் அதை வெளியிட்ட கோனாமி ஏற்பாடு செய்த இடத்தில், சில நாட்களுக்குள் விளையாட வேண்டியிருந்தது. இரண்டாம் அத்தியாயத்தில் பழைய மிஷன்களே கடினமாக்கப்பட்டுத் திரும்ப வருவதன் சலிப்பு, நிதானமாக விளையாடிய ரசிகர்களுக்கே முழுதாகத் தெரிந்தது. ‘டிஸ்ஆனர்ட் 2’ வெளியாவதற்குச் சில வாரம் முன்பு அதை வெளியிட்ட பெதெஸ்டா நிறுவனம், இனி ரிவ்யூ பிரதிகளை ஒரு நாள் முன்னதாகத்தான் தருவோம் என்று அறிவித்தது. ஒரு நாளில் ஓடி முடிப்பவர் மறைந்து போவதைவிட வெட்டிக்கொண்டு போகத்தான் வாய்ப்பு அதிகம். ஆகவே ரிவ்யூவில் தேட வேண்டியது மதிப்பெண்ணை அல்ல, அவர் எப்படி விளையாடினார் என்ற வரியை.

வாங்கலாமா என்று கேட்பவருக்கு ஒரு எச்சரிக்கை: ஸ்டீமில் பணம் திரும்பப் பெற வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருக்க வேண்டும். ஸ்டெல்த் கேமில் அந்த இரண்டு மணி நேரமும் பயிற்சியிலும் முதல் மிஷனிலுமே போய்விடும். பயிற்சியைத் தள்ளிவிட முடிந்தால் தள்ளிவிட்டு, முதல் திறந்த வரைபடத்துக்குப் போய் உள்ளே நுழைய எத்தனை வழி இருக்கிறது என்று தேடுங்கள். இரண்டுக்குக் குறைவாக இருந்தால் யோசியுங்கள்.

நீங்களே எழுதும்போது மேலே ஒரு வரி இப்படி இருக்கட்டும்: ‘பிசி, இந்தப் பேட்ச், இரண்டாவது கடினமான டிஃபிகல்ட்டி, குறிகள் அணைத்து, யாரையும் கொல்லாமல், லோடு செய்துகொண்டே, 18 மணி நேரம், பழைய பாகங்கள் இரண்டும் முடித்தவன்.’ அதற்குக் கீழே ‘சுமார்’ என்று எழுதினாலும் ‘அற்புதம்’ என்று எழுதினாலும், படிப்பவர் தன் கணக்கைப் போட்டுக்கொள்வார். பெரிய பேட்ச் வந்தால் திரும்பிப் போய் அந்த வரியைத் திருத்துங்கள். ஸ்டீம் ரிவ்யூவை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.