சடைமுடியில் வந்த ஈரவாடை போன விதம்

எதுவும் பூசாமல் தானாகத் திரளவிட்ட சடை, ஒன்றரை வருடம் ஆகிறது. இரண்டு மாதமாக ஈரத்துணியை மடித்து வைத்த மாதிரி ஒரு வாடை. தலைக்குக் குளித்த மறுநாள்தான் அதிகம்.

அழுக்கு என்று நினைத்து வாரம் மூன்று முறை அலசினேன், வாடை கூடியது. எண்ணெய் தடவினேன், பிசுக்காகித் தூசியைப் பிடித்துக்கொண்டது. சமையல் சோடா கரைத்து ஊறவைத்தேன். பிசுக்கு போனது, வாடை போகவில்லை. சோடா காரத்தன்மை உள்ளது, அடிக்கடி போட்டால் முடி வறண்டு ஒடியும். அதோடு நிறுத்தினேன்.

அப்புறம் ஒருநாள், காய்ந்துவிட்டது என்று நம்பிய சடையை டிஷ்யூ தாளில் சுற்றி இறுக்கிப் பிடித்துப் பார்த்தேன். வேர்ப்பக்கம் காய்ந்திருந்தது, நுனியும் சரி. நடுவில் பருத்த இடத்தில் மட்டும் தாளில் ஈர வட்டம். குளித்து 16 மணி நேரம் ஆகியிருந்தது! இரவில் குளித்து, ஈரச் சடையை முடிந்துகொண்டு படுத்ததுதான் வினை.

வினிகரை நிறையத் தண்ணீரில் கலந்து ஒருமுறை அலசினேன். இப்போது வாரம் ஒருமுறை, காலையில்தான் குளியல். ஒவ்வொரு சடையாகத் துண்டில் சுற்றி, முறுக்காமல் அழுத்துகிறேன். தாள் உலர்ந்தே வரும்வரை சடையை முடிந்து கட்டுவதில்லை. மூன்றாவது வாரம் வாடை நின்றது. அப்பாடா என்றிருக்கிறது.