டேட்டாபேஸ் தயாரான பிறகே வெப் சர்வர்: ஹீட் டெம்ப்ளேட் எழுதுவது எப்படி

எங்கள் அணிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஓப்பன்ஸ்டாக் என்ற கிளவுட் தளத்தில் நான் முதலில் கற்றுத்தருவது ஹீட்; டெம்ப்ளேட்டைப் படித்து, அதில் உள்ளதை உருவாக்கித்தரும் சேவை அது. நெட்வொர்க், வால்யூம் (டிஸ்க்), விஎம் (மெய்நிகர் கணினி) எல்லாவற்றையும் ஒரே யாமல் ஃபைலில், அதாவது டெம்ப்ளேட்டில், எழுதிவிட்டால், ஸ்டாக் எனப்படும் அந்த மொத்தத் தொகுப்பும் ஒரே கட்டளையில் எழுந்துவிடும். எழுதுவது கடினமில்லை. எது எதற்குப் பிறகு வர வேண்டும் என்ற வரிசையில்தான் கவனம் வேண்டும்.

இரண்டு விஎம் வைத்துக்கொள்வோம். ஒன்றில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், இன்னொன்றில் வெப் அப்ளிகேஷன். வெப் விஎம்முக்கு ‘டிபெண்ட்ஸ்-ஆன்’ என்று டேட்டாபேஸ் விஎம்மைக் காட்டினால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். போதாது. விஎம் ‘ஆக்டிவ்’ ஆனதும் ஹீட் தன் வேலை முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். உள்ளே, விஎம் முதன்முதலில் எழும்போது அதை அமைத்துத்தரும் கிளவுட்-இனிட் அப்போதுதான் போஸ்ட்கிரெஸை நிறுவத் தொடங்கியிருக்கும். அதற்குள் வெப் விஎம் எழுந்து, போஸ்ட்கிரெஸின் 5432 போர்ட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு விழுந்துவிடும்.

இதற்குத்தான், விஎம்மின் உள்ளிருந்து சிக்னல் வரும்வரை ஹீட்டைக் காக்கவைக்கும் ‘வெயிட்-கண்டிஷன்’ இருக்கிறது. முதலில் ஒரு ‘வெயிட்-கண்டிஷன்-ஹேண்டில்’ உருவாக்குங்கள். அந்தச் சிக்னலை அனுப்ப, டோக்கனோடு ஒரு கர்ல் கட்டளையை அது தரும். ‘ஸ்ட்ரிங்-ரீப்ளேஸ்’ மூலம் அதை டேட்டாபேஸ் விஎம்மின் யூசர்-டேட்டாவுக்குள் (கிளவுட்-இனிட் ஓட்டும் ஸ்கிரிப்ட்) செருகுங்கள். ஸ்கிரிப்டின் கடைசியில் ஒரு லூப் வைத்து, போஸ்ட்கிரெஸ் தயாரா என்று சோதிக்கும் ‘பிஜி-இஸ்-ரெடி’ கட்டளை பூஜ்யம் திருப்பித்தரும்வரை காத்திருந்து, பிறகே ‘சக்சஸ்’ அனுப்ப வேண்டும். அந்தச் சோதனையை விஎம்மின் உள் ஐபி முகவரிக்குச் செய்யுங்கள். போஸ்ட்கிரெஸ் இயல்பாக லோக்கல்ஹோஸ்ட்டில் மட்டும்தான் கேட்கும்; முகவரி கொடுக்காமல் சோதித்தால், வெளியிலிருந்து எட்டாத டேட்டாபேஸும் தயார் என்றே பதில் வரும். நிறுவல் தோற்றால் ‘ஃபெயிலியர்’ அனுப்பவும் ஒரு வரி சேருங்கள். டைம்அவுட் தீரும்வரை காத்துக்கிடக்காமல் காரணத்தோடு ஸ்டாக் உடனே நின்றுவிடும். மற்ற விவரம் கிளவுட்-இனிட்-அவுட்புட் லாகில் கிடைக்கும்.

இனி வரிசை: வெயிட்-கண்டிஷன் டேட்டாபேஸ் விஎம்மைச் சார்ந்திருக்கட்டும், இல்லையென்றால் டைம்அவுட் கடிகாரம் விஎம் பிறக்கும் முன்பே ஓடத் தொடங்கிவிடும். வெப் விஎம் அந்த வெயிட்-கண்டிஷனைச் சார்ந்திருக்கட்டும்.

வெப் விஎம்களை இரண்டாக்கினால் ‘சர்வர்-குரூப்’ ஒன்றில் ஆன்டி-அஃபினிட்டி கொடுங்கள்; இரண்டும் ஒரே ஹோஸ்டில் உட்காராது. 5432 போர்ட்டை வெப் விஎம்களின் செக்யூரிட்டி குரூப்புக்கு (ஃபயர்வால் விதிகளின் தொகுப்பு) மட்டும் திறங்கள்.

டேட்டா இருக்கும் இடம் தனி சிண்டர் (ஓப்பன்ஸ்டாக்கின் டிஸ்க் சேவை) வால்யூமாக இருக்க வேண்டும், அதன் ‘டிலீஷன்-பாலிசி’ ‘ரீட்டெய்ன்’ ஆக இருக்க வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஸ்டாக்கை யாரோ அழித்தாலும் வால்யூம் பிழைக்கும்.

அப்டேட் செய்யும்போது இன்னும் கவனம் வேண்டும். யூசர்-டேட்டாவில் ஒரு எழுத்தை மாற்றினாலும், இயல்பான பாலிசிப்படி ஹீட் அந்த விஎம்மைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை வைக்கும். ஆகவே எந்த அப்டேட்டையும் முதலில், எதையும் மாற்றாமல் விளைவை மட்டும் காட்டும் டிரை-ரன்னில் ஓட்டுங்கள். எது மாறும், எது அப்படியே இருக்கும், எது ‘ரீப்ளேஸ்டு’ என்று பிரித்துக் காட்டும். அந்த மூன்றாவது பட்டியலில் டேட்டாபேஸ் விஎம் தெரிந்தால், பேக்கப் எடுத்து, அதிலிருந்து மீட்டுப் பார்த்த பிறகே உண்மையான அப்டேட்டைத் தொடுங்கள்.