கோவையா, திருச்சியா? பிள்ளைகுட்டியோடு ஊர் மாறுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

சென்னையிலோ பெங்களூரிலோ பல வருடம் ஓட்டிவிட்டு, பிள்ளைக்கு எல்கேஜி ஃபீஸ் கட்டும்போதுதான் பலருக்கும் "போதும், ஊர்ப்பக்கம் போயிடலாம்" என்று தோன்றுகிறது. சொந்த ஊர் சின்ன ஊராக இருந்தால் கடைசியில் பேச்சு இரண்டு ஊரில் வந்து நிற்கும்: கோவை, இல்லாவிட்டால் திருச்சி. நான் திருச்சியில் வளர்ந்து கோவையில் குடும்பம் நடத்துகிறவன் என்பதால் தெரிந்தவர்கள் எல்லோரும் என்னிடம் இதைக் கேட்கிறார்கள். கேட்கும்போதே "கிளைமேட்டுக்கு கோவை, தண்ணிக்கு திருச்சி, சரியா?" என்று விடையையும் சொல்லிவிடுவார்கள். தப்பில்லை. ஆனால் கிளைமேட்டையும் தண்ணீரையும் பார்த்து வந்த பல குடும்பங்கள் கொஞ்ச நாளிலேயே மூட்டை கட்டியதற்குக் காரணம் வேறு. வீட்டில் ஒருவருக்குத்தான் அந்த ஊரில் வேலை இருந்தது.

அதனால் முதலில் இதைச் செய்யுங்கள். உங்கள் வேலையைப் பற்றிய பேச்சு இங்கே வேண்டாம், அதை எப்படியோ பேசி முடித்துவிட்டுத்தான் இந்த யோசனைக்கே வந்திருப்பீர்கள். மனைவியின் வேலையை, அல்லது கணவரின் வேலையை, அதாவது ஊர் மாறினால் ராஜினாமா செய்யப்போகிறவர் யாரோ அவருடைய வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். வேலைவாய்ப்புத் தளம் ஒன்றில் அந்தப் பதவியின் பெயரையும் ஊரின் பெயரையும் போட்டு ஒரு மாதம் தொடர்ந்து பாருங்கள், என்ன வருகிறது, எத்தனை வருகிறது, சம்பளம் எவ்வளவு என்று. அந்த ஊரில் அதே வேலை பார்க்கும் ஒருவரிடமாவது போனில் பேசுங்கள்.

கோவையில் இது பெரும்பாலும் நல்லபடியாக முடியும். பம்பு செட், ஃபவுண்டரி, நூல் மில், ஜவுளி இயந்திரம் என்று பழைய தொழில்கள் ஒரு பக்கம், பீளமேடு டைடல் பார்க், விளாங்குறிச்சி, சரவணம்பட்டி என்று ஐடி இன்னொரு பக்கம், அப்புறம் எண்ணி முடியாத கல்லூரிகளும் ஆஸ்பத்திரிகளும். ஏற்றுமதிக் கணக்கு தெரிந்தவர் என்றால் திருப்பூர் ஒரு மணி நேரம்தான். ஒரு வேலை போனால் வீடு மாறாமலேயே இன்னொன்று தேடலாம் என்பதுதான் கோவையின் பெரிய பலம் என்பேன், சிறுவாணித் தண்ணீர்கூட அதற்கு அப்புறம்தான்.

திருச்சியில் பெரிய பெயர்கள் எல்லாம் மத்திய அரசின் பெயர்கள். திருவெறும்பூர் பெல் (பிஎச்இஎல்) கொதிகலன் ஆலை, துப்பாக்கித் தொழிற்சாலை, பொன்மலை ரயில்வே பணிமனை, என்ஐடி, 2011-இல் வந்த ஐஐஎம். பரீட்சை எழுதி உள்ளே போனவர்களுக்கு ராஜ வாழ்க்கை. சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் மனிதவளப் பிரிவில் இருந்த பெண்ணுக்கு அங்கே கதவே கிடையாது. பெல்லை நம்பி இருக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளுக்கு ஆர்டர் வந்தால் வேலை, வராவிட்டால் ஷட்டர். நவல்பட்டில் எல்காட் ஐடி பூங்கா இருக்கிறது, ஆனால் கோவையின் அளவோடு ஒப்பிட முடியாது. பஞ்சப்பூர் டைடல் பார்க்கைக் காட்டி அந்தப் பக்கம் மனை விற்கிறார்கள். அதில் உங்கள் துறைக் கம்பெனி எது வருகிறது என்று மனைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றிவிடுவார்.

இதற்கு நேர் எதிரான குடும்பங்களும் உண்டு. ஒருவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை, அல்லது இருவருமே வீட்டிலிருந்து வேலை. அப்படி என்றால் தயங்காமல் திருச்சி. 2024 ஜனவரியில் புது முனையம் திறந்தார்கள், சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், கொழும்புக்கு நேரடி விமானம் இருக்கிறது. கே.கே. நகரில் வீடு என்றால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அப்பாவை வரவேற்றுவிட்டு வந்துவிடலாம். கோவையிலிருந்தும் சிங்கப்பூர், ஷார்ஜா விமானங்கள் உண்டு, தேர்ந்தெடுக்கத்தான் குறைவு. சென்னைக்கு அடிக்கடி போக வேண்டியவருக்கும் திருச்சிதான் லாபம்: சுமார் 330 கிலோமீட்டர், பகலில் வைகை, பல்லவன் ரயில்கள், ராத்திரியில் மலைக்கோட்டை. கோவையிலிருந்து அது 500 கிலோமீட்டர், வந்தே பாரத் இருந்தாலும் ஆறு மணி நேரம் போய்விடும்.

அடுத்தது, பெரியவர்கள். உங்கள் பெற்றோரும் மாமனார் மாமியாரும் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். கும்பகோணம், புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று வந்தால், இரவு பதினொரு மணிக்கு "அப்பாவுக்கு நெஞ்சு வலிக்குதாம்" என்று போன் வரும்போது திருச்சியிலிருந்து கிளம்பி இரண்டு மணி நேரத்துக்குள் போய் நிற்கலாம். கோவையிலிருந்து என்றால் விடிந்துவிடும். ஈரோடு, பொள்ளாச்சி, உடுமலை என்று வந்தால் கணக்கு அப்படியே திரும்பும். பெரியவர்களைக் கூடவே வைத்துக்கொள்வதாக இருந்தால் ஆஸ்பத்திரிக் கணக்கில் கோவை ஒரு படி மேலே. எலும்புக்கு கங்கா, கண்ணுக்கு அரவிந்த், இதயத்துக்கு ஜிகேஎன்எம், பொதுவாக பிஎஸ்ஜி, கேஎம்சிஎச் என்று ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். திருச்சியும் மோசமில்லை, காவேரி மருத்துவமனை தொடங்கியதே அங்கேதான். ஆனால் சிக்கலான கேஸ் என்றால் இன்றும் திருச்சிக்காரர்களில் பலர் சென்னைக்கோ மதுரைக்கோ வண்டி கட்டுகிறார்கள்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம், இரண்டு ஊரிலும் எல்லா ரகமும் இருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது எந்தப் பள்ளி என்பதை விட எந்த வகுப்பில் மாறுகிறீர்கள் என்பதை. குறிப்பாக பெங்களூர்க்காரர்கள் இதைக் கவனியுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்தால் மருத்துவக் கலந்தாய்வில் மாநில ஒதுக்கீட்டுக்கு இருப்பிடச் சான்று அலைச்சல் இல்லை. பொறியியலுக்கு எட்டு முதல் பன்னிரண்டு. இடையில் வந்தால் கதவு மூடிவிடாது, நம்ம ஊர்க்காரர் என்று நிரூபிக்கத் தாலுகா ஆபீஸ் ஏற வேண்டியிருக்கும். இன்னொன்று தமிழ்ப் பாடம். 2006 சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். அங்கே கன்னடமும் இந்தியும் படித்த பிள்ளையை ஒன்பதாம் வகுப்பில் கொண்டுவந்து செய்யுள் மனப்பாடம் பண்ணச் சொன்னால் வீட்டில் தினமும் சண்டைதான். ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் வந்துவிடுங்கள்.

சரி, தண்ணீருக்கும் வெயிலுக்கும் வருவோம்.

கோவையில் சிறுவாணி, பில்லூர் என்று குடிநீருக்குப் பெயர் இருக்கிறது, ஆனால் அது எந்த வீட்டுக்கு எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்பது தெருவுக்குத் தெரு மாறும். மாநகராட்சி எல்லை தாண்டிப் புதிதாக முளைத்த நகர்களில் போர்வெல்தான் கதி, அதுவும் ஆயிரம் அடி போன இடங்கள் உண்டு. வீடு பார்க்கப் போனால் ஹாலையும் மாடுலர் கிச்சனையும் காட்டுவார்கள். நீங்கள் நேராகக் குளியலறைக்குப் போங்கள். குழாய் மூக்கில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கிறதா, வாளியின் உள்விளிம்பில் சொரசொரவென்று கோடு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால் அது உப்புத் தண்ணீர், ஹீட்டரும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் படுத்துவிடும். அப்புறம் "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவைங்க?" என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள்.

திருச்சியில் தண்ணீர் வராது என்ற கவலை பொதுவாகக் குறைவு, காவிரியும் கொள்ளிடமும் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்கே பயம் தண்ணீர் தேடி வருவதுதான். 1977-இலும் 2005-இலும் வெள்ளம் பார்த்த ஊர் அது. கோரையாறும் குடமுருட்டியும் பெருகினால் உறையூர், வயலூர் ரோடு பக்கத்துத் தாழ்வான நகர்கள்தான் முதலில் முழுகும். அந்தப் பக்கம் வீடு பிடித்தால் தெருவில் பழைய வீடுகளின் காம்பவுண்ட் சுவரைப் பாருங்கள், சாயம் எந்த உயரத்தில் நிறம் மாறியிருக்கிறது என்று. இஸ்திரி போடுபவரிடமும் பால்காரரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், புரோக்கர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

வெயில் விஷயத்தில் திருச்சிக்காரனான நானே வக்காலத்து வாங்க மாட்டேன். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், ராத்திரி பத்து மணிக்கும் மொட்டைமாடித் தளம் காலைச் சுடும். கடைசி மாடி வீடு மட்டும் எடுக்காதீர்கள். கோவையிலும் மார்ச், ஏப்ரலில் வியர்க்கும், பழைய கோவை இப்போது இல்லை. ஆனால் ஜூன் பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடிக்க ஆரம்பித்தால் மின்விசிறியைக் குறைத்துக்கொள்ளலாம்.

போக்குவரத்து நெரிசல் இரண்டிலும் உண்டு. அவிநாசி ரோட்டில் பத்து கிலோமீட்டர் மேம்பாலம் வந்துவிட்டது, சத்தி ரோடு சாயங்காலத்தில் இன்னும் அப்படியேதான். ஸ்ரீரங்கத்தில் குடியிருந்து ஜங்ஷன் பக்கம் வேலைக்கும் பள்ளிக்கும் போவதாக இருந்தால் பெரும்பாலும் காவிரிப் பாலத்தை நம்பித்தான். 2022 கடைசியில் பழுதுபார்க்க காவிரிப் பாலத்தை மாதக்கணக்கில் மூடியபோது பட்ட பாட்டை அங்குள்ளவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டு ஊரிலும் வாடகைக்குப் போனால் சைவமா அசைவமா என்று தொடங்கி "நீங்க என்ன ஆளுங்க" வரைக்கும் சுற்றி வளைத்துக் கேட்கும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். அவர்களைக் கடந்து அடுத்த வீட்டைப் பாருங்கள்.

இடம் வாங்குவதை முதல் வருடம் தொடாதீர்கள். இந்த ஒன்றில் நான் பிடிவாதக்காரன். ஒரு மே மாதத்தையும் ஒரு ஐப்பசி மழையையும் வாடகை வீட்டில் பார்த்துவிட்டுப் பிறகு பத்திரத்துக்குப் போங்கள். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண், பட்டா, முப்பது வருட வில்லங்கம் எல்லாம் எங்கேயும் பார்க்க வேண்டியவைதான். கூடவே ஊருக்கு ஊர் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கோவையில் தடாகம், தொண்டாமுத்தூர், மருதமலை அடிவாரம், மதுக்கரை என்று மலையைக் காட்டி மனை விற்பார்கள், பார்க்கவும் கொள்ளை அழகு. யானை வரும் வழி அது. மலைப்பகுதிப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கிராமமா, ஹாக்கா என்கிற மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் ஒப்புதல் இருக்கிறதா என்று கேட்டுக் காகிதத்தைக் கையில் வாங்குங்கள். வெள்ளலூர்ப் பக்கம் என்றால் காற்று அடிக்கும் நாளில் போய்ப் பாருங்கள், குப்பைக் கிடங்கு எவ்வளவு தூரம் என்று மூக்கே சொல்லும். ஸ்ரீரங்கத்தில் அடிமனைப் பிரச்னை: வீடு உங்களுடையது, அடியில் இருக்கும் மண் கோயிலுடையது என்ற தகராறு வருடக்கணக்காக ஓடுகிறது. கோயிலைச் சுற்றிய தெருவில் வீடு மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால், முதலில் சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த சர்வே எண்ணுக்குப் பதிவு நடக்கிறதா என்று விசாரியுங்கள்.

கடைசியாக, இரண்டு ஊரையும் சனி, ஞாயிறில் போய்ப் பார்க்காதீர்கள். செவ்வாய், புதன் போல ஒரு வேலைநாளில் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. காலை எட்டரைக்கு நீங்கள் நினைத்திருக்கும் பள்ளி வாசலில் நில்லுங்கள், சாயங்காலம் ஆறரைக்கு வேலை இடத்திலிருந்து வீட்டுக்கு ஓட்டிப் பாருங்கள். இரண்டு ஊருக்கும் நடுவே கரூர் வழியாக நாலரை, ஐந்து மணி நேரம்தான், ஜனசதாப்தியும் ஓடுகிறது, ஒரே பயணத்தில் இரண்டையும் முடிக்கலாம். முடிவு செய்துவிட்டால் மாறும் மாதம் மே. ஆனால் பள்ளியில் இடத்தை ஜனவரியிலேயே பேசி வையுங்கள். வெளிமாநிலத்திலிருந்து வருகிறவர்கள் டிசியில் அங்குள்ள கல்வி அலுவலரின் மேலொப்பம் வேண்டுமா என்று இங்குள்ள பள்ளியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், வீட்டைக் காலி செய்த பிறகு அதற்காக ஒரு முறை திரும்பிப் போவது தண்டச் செலவு.